உழக்காவது மிஞ்சுதா? வணிக நூல்களை ஒரு உழவர் எப்படிப் படிப்பது

"உழவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்ற பழமொழியை நாம் இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறோம். நியாய விலை கேட்டுப் போராடும்போது அது ஒரு வாதம். வீட்டில் நோட்டுப் போட்டு வரவு செலவு எழுதச் சொன்னால் அதுவே ஒரு சாக்கு. "கணக்குப் பாத்தா விவசாயம் பண்ண முடியுங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். நெல்லைக் களத்துமேட்டிலேயே வியாபாரிக்கு அளந்து போட்ட காலத்தில் இந்தச் சாக்கு ஓரளவு செல்லுபடியானது. விலையை அவர்தான் சொல்வார். நாம் கணக்குப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கிடைப்பது அதேதான்.

இன்றைக்கு நம்மில் பலருடைய நிலைமை வேறு. நெல்லை அரிசியாகவும் அவலாகவும் விற்கிறோம். மல்லாட்டையைச் செக்கில் ஆட்டி எண்ணெயாக்குகிறோம். கரும்பு நாட்டுச் சர்க்கரையாகிறது, பால் நெய்யாகிறது. பாட்டில், லேபிள், பார்சல், வாட்ஸ்அப் ஆர்டர் என்று வந்தாகிவிட்டது. இப்படி வந்தவர் தன்னை உழவர் என்றுதான் சொல்லிக்கொள்வார், அது சரிதான். ஆனால் பாட்டிலில் விலையை ஒட்டிய அன்றைக்கே அவர் ஒரு சிறுதொழில் முதலாளியும் ஆகிவிட்டார். அந்த இரண்டாவது வேலையை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மண்ணை மீட்டெடுக்க ஐந்தாறு வருடம் பாடுபட்டு, விளைச்சல் நிலைக்கு வந்த பிறகு, விற்பனைப் பக்கம் சறுக்கி நிலத்தை ஒத்திக்கு விட்டுவிட்டு வெளி வேலைக்குப் போனவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அவர்கள் வயலில் ஒரு குறையும் இல்லை.

பயிருக்கு நோய் வந்தால் புத்தகத்தைப் புரட்டுகிறோம், அனுபவப்பட்டவரைக் கேட்கிறோம். விற்பனைக்கு நோய் வந்தால் மட்டும் ஏன் புத்தகத்தைத் தொடுவதில்லை? வணிக நூல் என்றாலே நம் வட்டாரத்தில் ஒரு ஒவ்வாமை இருக்கிறது. கோட்டுப் போட்ட ஆள் அட்டையில் கைகட்டி நிற்பார், உள்ளே "பத்து மடங்கு வளருங்கள்" என்று இருக்கும், நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்ற நினைப்பு. அதில் நியாயமும் உண்டு, பின்னால் அதற்கு வருகிறேன். ஆனால் ஜே.சி. குமரப்பாவை நினைத்துப் பாருங்கள். 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் செய்தவர். பிறகு அமெரிக்காவில் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகமும், கொலம்பியாவில் பொது நிதியும் படித்தவர். காந்தியிடம் வந்து சேர்ந்த பிறகு அவர் செய்த முதல் பெரிய வேலை, குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் ஊர் ஊராகப் போய் உழவர் குடும்பங்களின் வரவு செலவை எடுத்தது. கிராமப் பொருளாதாரம் பற்றி அவர் பேசியதெல்லாம் அந்தக் கணக்குப் படிப்பின் மேல் நின்று பேசியது. கணக்கு முதலாளிகளுடைய சொத்து என்று அவர் விட்டுவிடவில்லை.

ஆகவே, படிக்கலாம். எதை எடுப்பது, எதைத் தள்ளுவது என்பதுதான் கேள்வி.

விளைவிக்கத் தெரிந்தால் விற்கத் தெரியுமா?

மைக்கேல் கெர்பர் என்ற அமெரிக்கர் 1986-ல் 'தி ஈ-மித்' என்று ஒரு நூல் எழுதினார். 1995-ல் அதைத் திருத்தி மறுபடி கொண்டுவந்தார். சிறுதொழில் செய்பவர்கள் அதிகம் படித்த நூல்களில் ஒன்று. அதில் சாரா என்று ஒரு பெண் வருவார். பழம் வைத்துச் சுடும் 'பை' என்ற பலகாரத்தை அருமையாகச் செய்யத் தெரிந்தவர். எல்லோரும் பாராட்டினார்கள் என்று கடை போட்டார். கொஞ்ச நாளில் அடுப்பைப் பார்த்தாலே வெறுப்பு வந்துவிட்டது. காரணம், பலகாரம் சுடுவது வேறு வேலை, பலகாரக் கடை நடத்துவது வேறு வேலை. முதலாவது தெரிந்தவர் இரண்டாவதும் தெரியும் என்று நம்பி இறங்குவதில்தான் சிறுதொழில்கள் நொடித்துப் போகின்றன என்கிறார் கெர்பர். ஒவ்வொரு சிறு முதலாளிக்குள்ளும் மூன்று பேர் இருக்கிறார்கள், கையால் வேலை செய்பவர், ஒழுங்குபடுத்துபவர், வரப்போவதைப் பார்ப்பவர் என்று பிரிக்கிறார். பெரும்பாலும் முதல் ஆளே முழு நாளையும் எடுத்துக்கொள்வார்.

நம் கதை அப்படியே இதுதான். மாப்பிள்ளைச் சம்பாவை நாலரை, ஐந்தடி உயரத்துக்கு வளர்த்துக் காட்டத் தெரியும். அதை எத்தனை மாதம் வண்டு விழாமல் வைத்திருப்பது, எத்தனை கிலோ பையில் போடுவது, யார் பணம் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பதையெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு, கண் சொருகும் நேரத்தில் பார்க்கிறோம்.

கெர்பரிடம் எடுத்துக்கொள்ள ஒரே ஒரு விஷயம்: செய்முறையை எழுதி வைப்பது. கடலைப் பருப்பு எவ்வளவு காய்ந்தால் செக்குக்கு அனுப்பலாம், எண்ணெயை எத்தனை நாள் தெளிய விடுவது, எந்த அளவு வரை பாட்டிலில் ஊற்றுவது. இது நம் மண்டைக்குள் மட்டும் இருந்தால், நாம் காய்ச்சலில் படுத்த வாரம் தொழிலும் படுத்துவிடும். வீட்டம்மாவோ, வேலைக்கு வரும் அக்காவோ பார்த்துச் செய்கிற மாதிரி ஒரு பக்கம் எழுதி, செக்குக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினால் போதும். ஆனால் கெர்பர் இதற்கு உதாரணமாகத் தூக்கிப் பிடிப்பது மெக்டொனால்ட்ஸை. ஒரே மாதிரி ஆயிரம் கடை திறப்பது போல உன் கடையை அமை என்கிறார். அந்தப் பக்கங்களைச் சும்மா புரட்டிவிட்டுப் போகலாம். போன வருடக் கடலையும் இந்த வருடக் கடலையும் ஒரே ருசியில் இருக்கவேண்டும் என்று நாமும் எதிர்பார்க்கவில்லை, நம்மிடம் வாங்குபவரும் எதிர்பார்க்கவில்லை.

40 லிட்டர் எண்ணெயின் கணக்கு

வணிக நூல்களில் நமக்கு மிக நெருக்கமானது ரிச்சர்ட் விஸ்வால் 2009-ல் எழுதிய இயற்கை உழவர்களுக்கான வணிகக் கையேடு. அவரே அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இயற்கைப் பண்ணை நடத்தியவர். பண்ணை மொத்தத்துக்கும் ஒரு கணக்குப் போடாதே, ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனியாகப் போடு என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது. மொத்தமாகப் பார்த்தால் தக்காளி சம்பாதித்ததைக் கீரை தின்றுகொண்டிருப்பது தெரியாது. அப்படிப் போடும்போது உங்கள் சொந்த உழைப்புக்கும் கூலி எழுதுங்கள் என்கிறார்.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்ப்போம். கீழே உள்ள விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

100 கிலோ கடலைப் பருப்பு எடுத்துக்கொள்வோம். மரச்செக்கில் ஆட்டினால் ஏறக்குறைய 40 லிட்டர் எண்ணெயும் 55 கிலோ புண்ணாக்கும் வருகிறது என்று வையுங்கள். லிட்டர் 380 ரூபாய். ஒரு லிட்டர் சாம்பிளாகவும் சிந்தியும் போய்விடும். மீதி 39 லிட்டருக்கு 14,820 ரூபாய். புண்ணாக்கு கிலோ 45 என்றால் 2,475. மொத்த வரவு 17,295.

செலவு? செக்குக்கூலி கிலோவுக்கு 15 வீதம் 1,500. பாட்டிலும் லேபிளும் சேர்த்து 40-க்கு 480. இரண்டு நாள் டவுனுக்குப் போய் வீடு வீடாகக் கொடுத்த பெட்ரோல் 400. ஆக 2,380. நம்மில் பலர் இத்தோடு நோட்டை மூடிவிடுவோம். மிச்சம் 14,915 ரூபாய். "கடலை நம்மது, உழைப்பு நம்மது, அது எதுக்குங்க கணக்கில?"

அங்கேதான் விஸ்வால் கையைப் பிடிக்கிறார். அந்த 100 கிலோ பருப்பை அப்படியே கிலோ 120-க்குக் கொடுத்திருந்தால், ஒரு வேலையும் செய்யாமல் 12,000 ரூபாய் வந்திருக்கும். எனவே எண்ணெயாக்கியதால் கூடுதலாக வந்தது 2,915 மட்டும். இந்த 2,915-க்காகச் செய்த வேலை என்ன? சுத்தம் செய்து காயவைத்து, செக்கில் நின்று, தெளியவைத்து, பாட்டிலில் ஊற்றியது மூன்று ஆள் நாள். ஆள் கூலி 500 என்றால் 1,500. டவுனில் சுற்றிய இரண்டு நாளுக்கு 600 வீதம் 1,200. இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 215 ரூபாய்.

இருநூற்றுப் பதினைந்து. ஒரே ஒரு பாட்டிலுக்குப் பணம் வராமல் போனால் அதுவும் நட்டம்.

இந்தக் கணக்கைக் கூட்டங்களில் போட்டுக் காட்டினால் சிலருக்குக் கோபம் வரும். "அப்ப எண்ணெய் ஆட்டாதேன்னு சொல்றீங்களா?" இல்லை. நம் கூலியை நாமே சம்பாதித்திருக்கிறோம், வீட்டிலேயே ஐந்து நாள் வேலை கிடைத்திருக்கிறது, புண்ணாக்கை மாட்டுக்கு வைத்தால் பாலும் எருவுமாகத் திரும்பும். இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. ஆனால் மாதா மாதம் 15,000 லாபம் என்று நம்பிக்கொண்டு, அந்த நம்பிக்கையில் ஐந்து லட்சத்துக்குச் சொந்தச் செக்கு போடக் கடன் வாங்குவது வேறு. தவணை கட்ட இருப்பது அந்த 215-தான்.

கணக்கை இப்படிப் பிரித்துப் போட்டால் இன்னொன்றும் தெரியும். லாபம் குறைவு என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது விலையை ஏற்றுவது. லிட்டருக்கு 20 ரூபாய் ஏற்றினால் 39 லிட்டருக்கு 780 ரூபாய் கூடும். அதற்குப் பதிலாக, டவுனுக்குப் போகும் இரண்டு நடையை ஒன்றாக்கினால் ஒரு நாள் கூலி 600, பெட்ரோல் 200, ஆக 800 மிஞ்சும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருவுக்கு ஒரு வீட்டில் மொத்தமாக இறக்கி வைத்துவிட்டு, மற்றவர்கள் அங்கே வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று பேசிக்கொண்டால் இது நடக்கிற காரியம்தான். வாங்குபவர் ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கவில்லை. நச்சில்லாத உணவு சாதாரண மக்களுக்கும் போய்ச் சேரவேண்டும் என்று பேசுகிறோமே, அதற்கும் இந்த 800 ரூபாய்க்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

எந்த இடத்தில் அடைக்கிறது?

எலியாஹு கோல்ட்ராட் இஸ்ரேலைச் சேர்ந்த இயற்பியலாளர். 1984-ல் வெளிவந்த அவருடைய 'தி கோல்' ஒரு நாவல். வணிக நூல் நாவலாக இருப்பது அபூர்வம். மூடும் நிலையில் இருக்கும் ஒரு ஆலையைக் காப்பாற்றப் போராடும் மேலாளரின் கதை அது. ஒருநாள் அவர் மகனுடைய சாரணர் படையைக் காட்டு வழியே நடத்திக் கூட்டிப்போகிறார். வரிசை நீண்டுகொண்டே போகிறது. வேகமாக நடக்கும் பையன்கள் முன்னால் ஓடிவிடுகிறார்கள், ஹெர்பி என்ற பருத்த பையனுக்குப் பின்னால் மற்றவர்கள் தேங்கி நிற்கிறார்கள். முன்னால் போகிறவன் எவ்வளவு வேகமாகப் போனாலும் படை போய்ச்சேரும் நேரம் ஹெர்பியின் வேகம்தான். ஹெர்பியை முன்னால் விட்டு, அவன் முதுகுப்பையில் இருந்த பாரத்தை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்ததும் மொத்தப் படையும் வேகமெடுக்கிறது.

நம் தொழிலிலும் ஒரு ஹெர்பி இருப்பான். புழுங்கலரிசி போடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளில் 10 மூட்டை அவிக்க அண்டா இருக்கிறது. பக்கத்து ஊர் மில்லில் 20 மூட்டைகூட அரைத்துத் தருவார்கள். களத்தில் காய்வது 4 மூட்டைதான். அவர் எவ்வளவு உழைத்தாலும் ஒரு நாளைக்கு 4 மூட்டைக்கு மேல் அரிசி வராது. இந்த நிலையில் சொந்தமாகச் சின்ன மில் வாங்கினால் வேகம் கூடும் என்று தோன்றும். மானியம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டால் இன்னும் தோன்றும். ஆனால் மில் வந்த பிறகும் 4 மூட்டைதான் வரும், மில் பாதி நாள் சும்மா நிற்கும். அதிகமாக அவித்த நெல் ஈரத்தோடு கிடந்து வாடை அடிப்பதுதான் மிச்சம். பக்கத்து வீட்டுக் களத்தைக் கேட்டு வாங்குவதும், நாலு நல்ல தார்ப்பாய் வாங்குவதும், நிழலில் ஈரம் இழுக்க ஒரு கொட்டகை போடுவதும் மில்லில் நூற்றில் ஒரு பங்கு செலவில் முடியும்.

எந்திரம் விற்பவர் இதைச் சொல்லமாட்டார். அவரிடம் விற்கக் களம் இல்லையே.

சிலருக்கு அடைப்பு களத்தில் இல்லை, ஆளில் இருக்கும். சிறுதானியத்தில் கல் நீக்கிப் புடைக்கத் தெரிந்த அம்மா ஒருவர்தான் ஊரில் இருப்பார். அவர் வாரத்தில் இரண்டு நாள் வந்தால் அதுதான் உங்கள் உற்பத்தி அளவு. அவரை வேறு வேலைக்கு அனுப்பாமல், அவர் வருகிற நாளில் தானியம் தயாராகக் காத்திருக்கும்படி மற்றதையெல்லாம் அமைக்க வேண்டும். அவருக்கு நாள் கூலி 50 ரூபாய் கூட்டிக் கொடுப்பதைப் போல லாபமான முதலீடு வேறு இல்லை. இன்னும் இரண்டு பேருக்கு அவர் கற்றுக்கொடுக்கச் சம்மதித்தால் அதைவிட லாபம்.

"சூப்பரா இருக்குங்க!"

ராப் ஃபிட்ஸ்பாட்ரிக் 2013-ல் எழுதிய 'தி மாம் டெஸ்ட்' மெலிந்த புத்தகம். நம்மவர்களுக்கு ரொம்பத் தேவையானது. நான் செய்யப்போகும் தொழில் நல்லா இருக்குமா என்று அம்மாவைக் கேட்டால், நம் மீதுள்ள பாசத்தில் "நல்லா இருக்கும்பா" என்றுதான் சொல்வார். அம்மா மட்டும் இல்லை, பெரும்பாலோர் அப்படித்தான், முகத்துக்கு எதிரே யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஆகவே உன் பொருளைப் பற்றிக் கேட்காதே, அவர்கள் வாழ்க்கையைப் பற்றிக் கேள். இனிமேல் என்ன செய்வாய் என்று கேட்காதே, இதுவரை என்ன செய்தாய் என்று கேள். நீ குறைவாகப் பேசு. இவ்வளவுதான் புத்தகம்.

சந்தையில் கருப்புக் கவுனிக் கஞ்சியை ருசி பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். "சூப்பரா இருக்குங்க! மாசம் அஞ்சு கிலோ கண்டிப்பா வாங்கிக்கிறேன், நம்பர் குடுங்க." இதை நம்பி அடுத்த பட்டத்தில் இரண்டு ஏக்கர் கவுனி போட்டவர்கள் உண்டு. அறுவடை முடிந்து கூப்பிட்டால், "வீட்ல வெள்ளை அரிசிதாங்க சாப்பிடறாங்க, ஒரு கிலோ வேணா குடுங்க" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சந்தையில் நிற்கும்போது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. "போன மாசம் என்ன அரிசி வாங்கினீங்க? எங்க வாங்கினீங்க? எத்தனை கிலோ? முன்னாடி எப்பவாவது பாரம்பரிய அரிசி வாங்கினீங்களா, அப்புறம் ஏன் விட்டீங்க?" கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் முத்து. "ஊற வைக்க மறந்துடறேன்", "குக்கர்ல எத்தனை விசில்னு தெரியல", "வண்டு விழுந்துடுச்சு", "குழந்தைங்க தொட மாட்டேங்குது". விலை அதிகம் என்ற பதிலைவிட இவைதான் அதிகம் வரும் என்பது என் அனுபவம். ஊறவைக்கும் நேரத்தையும் தண்ணீர் அளவையும் பையின் மேல் பெரிய எழுத்தில் அச்சடிக்கலாம். ஐந்து கிலோ பைக்குப் பதில் ஒரு கிலோ பை போடலாம். அரிசியாக வேண்டாம் என்பவர்களுக்கு அவலாகவோ புட்டு மாவாகவோ கொடுக்கலாம். எதிலும் பெரிய முதலீடு இல்லை.

நிஜமாகவே வாங்குவார்களா என்று பார்க்க வழி ஒன்றுதான், முன்பணம். விதைக்கும் முன்பே நூறு ரூபாய் கொடுத்துப் பதிவு செய்பவர் எத்தனை பேர் என்று பார்த்துவிட்டு எத்தனை சென்ட் போடுவது என்று முடிவு செய்யலாம்.

அளவைக் கூட்டாமல்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கோஷன் என்ற ஊரில் பென் ஹார்ட்மன் என்பவர் ஒரு ஏக்கருக்கும் குறைந்த நிலத்தில் இயற்கைக் காய்கறி வளர்க்கிறார். ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில் உருவான, வீண் வேலையைக் குறைக்கும் முறைகளைத் தன் பண்ணைக்குள் கொண்டுவந்து, அதை 2015-ல் 'தி லீன் ஃபார்ம்' என்ற நூலாக எழுதினார். கார் கம்பெனிக்கும் கீரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வாங்குபவருக்குப் பயன் தராத எந்த அசைவும் வீண் என்பதே அவர்களுடைய அடிப்படை. ஒரே கூடையை நாலு தடவை தூக்கி வைப்பது, மண்வெட்டியைத் தேடி அரை மணி நேரம் நடப்பது, விற்காத கீரையை வளர்த்து அறுத்துக் கழுவிக் கடைசியில் மாட்டுக்குப் போடுவது. ஒரு நாள் உங்கள் நடையை மட்டும் கவனித்துப் பாருங்கள். மோட்டார் கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் எத்தனை தடவை போய்வருகிறோம் என்பது நமக்கே வேடிக்கையாக இருக்கும். அரிவாள் வயலோரம் ஒரு மரத்தில் தொங்கினால் அதுவே லீன்.

இந்த நூலில் எனக்குப் பிடித்தது, அவர் நிலத்தைக் கூட்டவில்லை என்பது. கனடாவின் கியூபெக்கில் ஒன்றரை ஏக்கரில் காய்கறி செய்து நூல் எழுதிய ழான் மார்ட்டின் ஃபோர்ட்டியேவும் இதே கட்சிதான். ஆனால் அவர்கள் பனிக்காலத்தில் வயலை மூடிவிட்டுத் திட்டம் போட உட்காரும் நாட்டுக்காரர்கள். அங்கே உள்ள விலையும் வேறு, கூலியும் வேறு. அவர்கள் எந்தக் கருவி வாங்கினார்கள் என்பதைப் பார்த்து நாமும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

விதைநெல்லும் பணப்பெட்டியும்

வீட்டுப் பணமும் தொழில் பணமும் ஒரே சட்டைப்பையில் இருப்பதுதான் நம்மிடம் உள்ள பெரிய வியாதி. எண்ணெய் விற்ற காசில் பள்ளிக்கூட ஃபீஸ் போகும், மாமன் வீட்டுச் சீர் போகும். அடுத்த கடலை கொள்முதலுக்கு வட்டிக்கு வாங்குவோம். மைக் மைக்கலோவிச் எழுதிய 'ப்ராஃபிட் ஃபர்ஸ்ட்' (2014) சொல்லும் வைத்தியம் எளிது. வரவில் செலவு போக மிஞ்சுவது லாபம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர், வரவிலிருந்து லாபத்தை முதலில் எடுத்துவை, மிஞ்சியதில் செலவு செய் என்கிறார். அதற்காகத் தனித்தனி வங்கிக் கணக்குகள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்.

இது நம் பாட்டிக்குத் தெரியாததா? அறுவடை முடிந்ததும் முதலில் விதைநெல்லைக் கோட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் சாப்பாட்டு நெல்லைக் குதிரில் கொட்டினார்கள். வீட்டில் பட்டினி என்றாலும் விதைக்கோட்டையில் கை வைக்கமாட்டார்கள். நெல்லில் தெரிந்த ஒழுக்கம் பணத்தில் நமக்கு இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு பாட்டில் காசிலிருந்தும் அடுத்த கொள்முதல் பங்கு, வீட்டுக் கூலிப் பங்கு, கெட்ட நாளுக்கான பங்கு என்று மூன்றாகப் பிரித்துவிட்டால் போதும். இரண்டாவது கணக்கைக் கூட்டுறவு வங்கியிலோ தபால் நிலையத்திலோ தொடங்கலாம். அந்த ஏ.டி.எம். அட்டையை வீட்டம்மா கையில் கொடுத்துவிடுங்கள், பத்திரமாக இருக்கும்.

கடைகளுக்கு மொத்தமாகக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கணக்குப் புத்தகத்தில் லாபமும் கையில் காசின்மையும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். ஒரு கடை 30 மூட்டை அரிசி வாங்கிக்கொண்டு மூன்று மாதம் கழித்துப் பணம் தருகிறது என்றால், அந்த மூன்று மாதமும் கடைக்காரருக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருப்பது நீங்கள். நாற்று நடும் மாதத்தில் அந்தப் பணம் கையில் இல்லாமல் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வெளியே வாங்கினால், அந்த வட்டியையும் அரிசியின் செலவில் எழுத வேண்டும். எழுதிப் பார்த்தால், உடனே பணம் தருபவருக்குக் கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைத்துக் கொடுப்பதே மேல் என்று சில நேரம் தெரியவரும்.

தள்ள வேண்டியவை

வணிக நூல்களில் பாதிக்கு மேல் வென்றவர்களின் கதை. வென்றவர் என்ன செய்தார் என்று பட்டியல் போட்டு, நீயும் செய் என்பார்கள். அதையே செய்து தோற்றவர்கள் புத்தகத்தில் வரமாட்டார்கள். 2001-ல் ஜிம் காலின்ஸ் எழுதிய 'குட் டு கிரேட்' பதினொரு கம்பெனிகளை மகத்தானவை என்று தேர்ந்தெடுத்தது. அதில் சர்க்யூட் சிட்டி 2008-ல் திவாலானது. ஃபேனி மே என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தை அதே 2008-ல் அமெரிக்க அரசு தன் கட்டுப்பாட்டில் எடுக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு ஆராய்ச்சி செய்து எழுதியதற்கே இந்தக் கதி என்றால், "ஒரு ஏக்கரில் கோடீஸ்வரர்" வகையறாவை எந்த அளவுக்கு நம்புவது?

இரண்டாவது, வளர்ச்சி. வணிக நூல்கள் வளராத தொழிலை நோயாளியாகப் பார்க்கின்றன. குமரப்பா 1945-ல் வெளிவந்த 'நிலைத்த பொருளாதாரம்' நூலில் இயற்கையைப் பார்த்து ஐந்து வகைப் பொருளாதாரத்தைச் சொல்கிறார்: ஒட்டுண்ணி, கொள்ளை, முயற்சி, கூட்டுறவு, தொண்டு. தனக்குக் கூடு கட்டிக்கொள்ளும் பறவைதான் முயற்சிக்கு உதாரணம். வணிக நூல்கள் உச்சியில் தூக்கி வைக்கும் தொழில்முனைவு குமரப்பாவின் ஏணியில் நடுப்படிதான். அதற்கு மேலே கூட்டத்துக்காக உழைக்கும் தேனீயும், குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவையும் இருக்கின்றன. நாம் கூடு கட்டக் கற்றுக்கொள்ளத்தான் இந்த நூல்களிடம் போகிறோம். கூடு கட்டத் தெரியாத பறவை குஞ்சுக்கு எங்கே வைத்து ஊட்டும் என்பதும் உண்மை. ஆனால் பக்கத்து ஊர் உழவரின் வாடிக்கையாளரை இழுப்பது எப்படி என்று ஒரு அத்தியாயம் வந்தால், அது நமக்கான அத்தியாயம் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரே வண்டியில் அனுப்பினால் நடைச் செலவு பாதியாகும்.

இந்த நூல்களில் பல ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அதற்காகத் தயங்க வேண்டாம். 300 பக்கப் புத்தகத்தில் விஷயம் 30 பக்கம்தான் இருக்கும், மீதி கதையும் தற்பெருமையும். காலேஜ் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து, வாரம் ஒரு அத்தியாயம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அவர்களுக்கும் நம் தொழிலின் கணக்கு அப்போதுதான் புரியும். உழவர் குழுவாக மாதம் கூடுபவர்கள், ஆளுக்கொரு நூலை எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் பேசலாம். ஆனால் ஒரு நிபந்தனை போட்டுக்கொள்ளுங்கள். பேசுபவர் தன் சொந்தப் பொருள் ஒன்றின் கணக்கை, மேலே எண்ணெய்க்குப் போட்டதைப் போல, கரும்பலகையில் எழுதிக்காட்டிவிட்டுத்தான் புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும். முதல் மாதம் யாரும் முன்வரமாட்டார்கள். யாராவது ஒருவர் தன் 215 ரூபாயை எழுதிவிட்டால் அடுத்தவர்கள் தானாக எழுந்து வருவார்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், 'தி கோல்'. நாவல் என்பதால் தூக்கம் வராது. ஐப்பசி அடைமழையில் வயலுக்குப் போகமுடியாத ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். மழை விட்டதும் களத்தைப் போய்ப் பாருங்கள், ஹெர்பி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறானா என்று.